பையில் தூக்கிட்டுப் போக ஒரு கேமிங் பெட்டி: இந்த லிஸ்ட் 10 லிட்டர் கேஸுக்குள்ள அடங்குமா?

நாடோடி_பிக்சல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வேலை காரணமா ரெண்டு ஊருக்கு நடுவுல மாறி மாறி இருக்கேன். ரெண்டு இடத்துலயும் 27 இன்ச் 1440பி மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் தனித்தனியா இருக்கு. நடுவுல பயணம் பண்ணப் போறது பெட்டி மட்டும்தான். பெரும்பாலும் ரயில், சில நேரம் விமானம். பேட்டரியில விளையாடணும்னு ஆசையே கிடையாது. போய்ச் சேர்ற இடத்துல பிளக் பாயின்ட் இருந்தா போதும்.

இப்ப கையில இருக்கறது ஒரு கேமிங் லேப்டாப். ஃபேன் சத்தம் ஹெட்ஃபோனைத் தாண்டிக் கேக்குது. அரை மணி நேரம் ஆடினா இடது கை விரல் வைக்கிற இடமெல்லாம் சுடுது. அதனால சின்ன டெஸ்க்டாப் ஒண்ணு கட்டலாம்னு முடிவு. இன்னும் எதுவும் வாங்கலை. யோசிச்சு வச்சிருக்கற லிஸ்ட்:

கேஸ்: ஃப்ராக்டல் டெர்ரா, 10.4 லிட்டர்
பிராசசர்: ரைசன் 7 7800எக்ஸ்3டி
கூலர்: நாக்டுவா என்எச்-எல்12எஸ், 70 மி.மீ. உயரம்
மதர்போர்டு: பி650 மினி-ஐடிஎக்ஸ்
கிராபிக்ஸ் கார்டு: ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, மூணு ஃபேன் மாடல் (நீளம் 305, அகலம் 140, தடிமன் 62 மி.மீ.)
ரேம்: இப்போதைக்கு டிடிஆர்5 16 ஜிபி ரெண்டு, பின்னாடி இன்னும் ரெண்டு சேர்த்துக்கலாம்னு எண்ணம்
பவர் சப்ளை: 750 வாட் எஸ்எஃப்எக்ஸ் (சின்ன கேஸுக்கான குட்டி அளவு)

இதெல்லாம் உள்ள போகுமா? போனாலும் சூடு தாங்குமா? விமானத்துல எடுத்துட்டுப் போனவங்க யாராவது இருந்தா அனுபவத்தைச் சொல்லுங்க.


பெட்டிதூக்கி எழுதியது:

தம்பி, லிஸ்ட்ல இருக்கறது தனித்தனியா எல்லாமே நல்ல சாமான்தான். ஆனா ஒண்ணா சேர்ந்து அந்தக் கேஸுக்குள்ள போகாது.

கேம் டெமோ காட்டற வேலை எனக்கு. அரங்கத்துக்கு அரங்கம் பெட்டியைத் தூக்கிட்டு அலையறதுதான் பொழைப்பு. அதனால படத்துல அழகா இருக்கறதை விட, தோள்ல எப்படி உக்காருதுங்கறதைத்தான் முதல்ல பார்ப்பேன். அந்தக் கண்ணோட சொல்றேன்.

டெர்ராவுக்கு நடுவுல ஒரு முதுகெலும்புத் தகடு இருக்கு. ஒரு பக்கம் மதர்போர்டு, மறுபக்கம் கிராபிக்ஸ் கார்டு, ரெண்டையும் இணைக்க ஒரு ரைசர் கேபிள். இதைத்தான் சாண்ட்விச் அமைப்புன்னு சொல்றாங்க. அந்தத் தகட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தலாம். கூலர் பக்கம் 48 மி.மீ. கொடுத்தா கார்டு பக்கம் 72 கிடைக்கும். கூலருக்கு 77 கொடுத்தா கார்டுக்கு 43தான். கூட்டிப் பாருங்க, எப்படி நகர்த்தினாலும் மொத்தம் 120. உங்க கார்டு 62, கூலர் 70, ஆக 132. எங்கிருந்து வரும் அந்த 12 மி.மீ.?

அகலத்துலயும் இடிக்குது. டெர்ரா ஏத்துக்கற கார்டு அகலம் 131 மி.மீ. உங்களோடது 140. பக்கத்துத் தகடு மூடவே மூடாது. நீளம் மட்டும்தான் பிரச்சினை இல்லை, 322 வரைக்கும் போகும். எல்லாரும் கார்டோட நீளத்தை மட்டும் பார்த்துட்டு வாங்கறாங்க. சின்ன கேஸ்ல கழுத்தை அறுக்கறது அகலமும் தடிமனும்தான். கார்டு தடிமனை விளம்பரத்துல "2.5 ஸ்லாட்"னு போட்டிருந்தா நம்பாதீங்க, தயாரிப்பாளர் பக்கத்துல மி.மீ. கணக்கு இருக்கும், அதைத் தேடி எடுங்க.

அகலத்துக்கு மேல இன்னொரு செலவும் இருக்கு: பவர் கேபிள். இந்தக் கார்டுகள்ல வர்ற 16 பின் சாக்கெட்ல, முனையிலிருந்து 35 மி.மீ. வரைக்கும் கேபிளை வளைக்க வேண்டாம்னு கேபிள் செய்யறவங்களே சொல்றாங்க. 2022ல அந்த சாக்கெட் உருகின படங்கள் சுத்தினது ஞாபகம் இருக்கும். பின்னாடி 12வி-2x6னு திருத்தின வடிவம் வந்துச்சு, ஆனா முழுசா உள்ள போய் உக்காரலைன்னா எந்த வடிவமும் காப்பாத்தாது. சாண்ட்விச் கேஸ்ல அந்த 35 மி.மீ. நேரா கிடைக்கறது அபூர்வம். அதனால கார்டு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நிம்மதி. பயணம் பண்ற பெட்டின்னா, ஒவ்வொரு தடவையும் போய்ச் சேர்ந்ததும் பக்கத்துத் தகட்டைக் கழட்டி அந்த சாக்கெட்டை விரலால அழுத்திப் பாருங்க. டெர்ராவுல பக்கத்துத் தகடு கதவு மாதிரி திறக்கும், ஒரு நிமிஷ வேலை.

இப்ப முக்கியமான விஷயம். எல்லாரும் லிட்டர் கணக்கு பேசறாங்க. 7 லிட்டர், 9 லிட்டர், 4 லிட்டர்னு ஒரு போட்டியே நடக்குது. என்னைக் கேட்டா முதல்ல எழுத வேண்டியது லிட்டர் இல்லை, வாட். பெட்டிக்குள்ள மொத்தம் எத்தனை வாட் எரிக்கப் போறோம்னு முடிவு பண்ணுங்க. அப்புறம் அந்தச் சூட்டை உங்க காது தாங்கற சத்தத்துல வெளியேத்தற கேஸைத் தேடுங்க. லேப்டாப் சத்தம் பிடிக்காம ஓடி வர்றீங்க. 300 வாட் கார்டை 10 லிட்டர்ல அடைச்சா அதே சத்தம் வேற சட்டை போட்டுட்டு வந்து நிக்கும்.

5070 டிஐ 300 வாட். 5070 250 வாட். 5060 டிஐ 180 வாட். 1440பி மானிட்டருக்கு நடுவுல இருக்கறது போதும்னு நான் சொல்வேன். 5070 ஃபவுண்டர்ஸ் எடிஷன் (என்விடியாவோட சொந்த மாடல்) கிடைச்சா 242 மி.மீ. நீளம், 112 அகலம், ரெண்டே ஸ்லாட். டெர்ராவுக்குன்னே அளவெடுத்த மாதிரி. கிடைக்கலைன்னா அதே 5070ல ரெண்டு ஃபேன், ரெண்டு ஸ்லாட் மாடல்கள் இருக்கு. மெமரி 12 ஜிபிதான். உங்களுக்கு அது உறுத்தினா 5060 டிஐயில 16 ஜிபி மாடல் இருக்கு, வேகம் ஒரு படி கீழ. அதுல நிறைய மாடல் பழைய 8 பின் சாக்கெட்டோடவே வருது, மேல சொன்ன தலைவலி பாதி போச்சு.

ரெண்டு ஸ்லாட் கார்டுன்னா சுமார் 40 மி.மீ. அப்ப தகட்டை கார்டு பக்கமா நெருக்கி வச்சுட்டு கூலர் பக்கம் 77 முழுசா எடுத்துக்கலாம். நீங்க எழுதின 70 மி.மீ. கூலர் அப்படியே இருக்கட்டும். கார்டு பக்கம் வீணா இடம் விடாதீங்க. கார்டு ஃபேன் பக்கத்து வலைக்குக் கிட்ட இருந்தா வெளிக்காத்தை நேரா இழுக்கும். தள்ளி இருந்தா பெட்டிக்குள்ள சுத்தற சூட்டுக் காத்தையே திரும்பத் திரும்ப இழுத்துட்டு இருக்கும்.

பிராசசர் பத்திக் கவலை வேண்டாம். 7800எக்ஸ்3டி மேல 120 வாட்னு போட்டிருக்கும், விளையாட்டுல பெரும்பாலும் 50லிருந்து 80 வாட்டுக்குள்ளதான் நிக்கும். புது கேமைத் திறந்ததும் ஷேடர் (கேமோட கிராபிக்ஸ் நிரல்கள்) தயார் பண்ற நேரத்துல மட்டும் எகிறும். 89 டிகிரி வந்தா அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். பயாஸ்ல, அதாவது மதர்போர்டோட அமைப்புத் திரையில, மின்சாரத்தைக் குறைக்கற 65 வாட் எக்கோ மோடு போட்டுடுங்க. விளையாட்டுல வித்தியாசம் கண்டுபிடிக்க முடிஞ்சா எனக்குச் சொல்லுங்க.

ரேம் விஷயம்: மினி-ஐடிஎக்ஸ் போர்டு 170க்கு 170 மி.மீ. அதுல ரேம் ஸ்லாட் ரெண்டுதான். "பின்னாடி இன்னும் ரெண்டு" நடக்காது. 32 ஜிபி போதுமா, 64 வேணுமான்னு இப்பவே முடிவு பண்ணி ரெண்டு குச்சியா வாங்கிடுங்க. மேல அலங்காரச் சீப்பு இல்லாத குட்டையான குச்சியா பாருங்க, கூலர் அதுக்கு மேல நீட்டிட்டு நிக்கும்.


மெல்லொலி எழுதியது:

மேலே சொன்ன அளவுக் கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை: தனி கிராபிக்ஸ் கார்டு வைத்த பெட்டி உங்களுக்குத் தேவைதானா?

2025ல் வந்த ஃப்ரேம்வொர்க் டெஸ்க்டாப் வெறும் 4.5 லிட்டர். உள்ளே ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் வரிசைச் சில்லு. மேல்நிலை மாடலான 395ல் 16 கோர், 40 கம்ப்யூட் யூனிட் கொண்ட ரேடியான் 8060எஸ் கிராபிக்ஸ், இரண்டும் ஒரே சில்லில். ரைசர் கேபிள் கிடையாது, தொங்கும் கார்டு கிடையாது, 16 பின் சாக்கெட் கிடையாது. பயணத்தில் ஆடிக் கழன்று போக உள்ளே எதுவுமே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. நான் அறையில் சத்தம் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இப்படிப்பட்ட பெட்டிக்கு மாறினேன்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ரேம் போர்டோடு பற்றவைத்து வருகிறது, பின்னால் மாற்ற முடியாது. கிராபிக்ஸ் வலிமை நடுத்தரக் கேமிங் லேப்டாப்பின் அளவில்தான் இருக்கும். டெஸ்க்டாப் 5070 அருகே வராது. 1440பியில் ஆடலாம், ஆனால் கனமான விளையாட்டுகளில் அமைப்புகளைக் குறைத்து, குறைந்த தெளிவுப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் துணையோடு.

நீங்கள் எந்த மாதிரி விளையாட்டுகள் ஆடுகிறீர்கள் என்று எழுதவே இல்லையே?


நாடோடி_பிக்சல் எழுதியது:

பெட்டிதூக்கி அண்ணே, 120 மி.மீ. கணக்கு எந்த வீடியோவுலயும் இவ்வளவு நேரா யாரும் சொல்லலை. நன்றி. கார்டை 5070க்கு மாத்திக்கறேன்.

மெல்லொலி அக்கா, நான் ஆடறது அதிகம் திறந்த உலக விளையாட்டு, அப்புறம் கார் பந்தயம். சிங்கிள் பிளேயர்தான். அமைப்புகளைக் குறைச்சு ஆடறதுக்கு மனசு வரலை, அதுக்குத்தான் லேப்டாப் இருக்கே. ஒரு சந்தேகம்: லேப்டாப்லயும் 5070னு போட்டு விக்கறாங்க. அதுவும் டெஸ்க்டாப் 5070ம் ஒண்ணுதானே? அப்படின்னா ஏன் இவ்வளவு மெனக்கெடணும்னு தம்பி கேக்கறான்.

இன்னும் மூணு கேள்வி. விமானத்துல கார்டைக் கழட்டணுமா? ரைசர் கேபிள்ல திரை கருப்பாகுதுன்னு நிறைய பேர் எழுதறாங்க, உண்மையா? ஊருக்கு ஊர் மின்சாரம் மாறினா பவர் சப்ளை தாங்குமா?


மெல்லொலி எழுதியது:

தம்பிக்குப் பதில்: பெயர் ஒன்று, சில்லு வேறு. டெஸ்க்டாப் 5070ல் 6144 கூடா கோர், 12 ஜிபி மெமரி. லேப்டாப் 5070ல் 4608 கோர், 8 ஜிபி. லேப்டாப்பில் இருப்பது டெஸ்க்டாப் 5060 டிஐக்குப் போடும் சில்லு. மேலும் லேப்டாப்பில் அதற்கு எத்தனை வாட் கொடுப்பது என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார், அதனால் ஒரே பெயர் கொண்ட இரண்டு லேப்டாப்புகள்கூட ஒரே வேகத்தில் ஓடாது.

திறந்த உலக விளையாட்டு, கார் பந்தயம், அமைப்புகளைக் குறைக்க மனமில்லை என்றால் என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். டெர்ராவே கட்டுங்கள்.


பெட்டிதூக்கி எழுதியது:

மூணு கேள்விக்கும் வர்றேன்.

விமானம்: கையோட கேபினுக்குள்ள எடுத்துட்டுப் போறீங்கன்னா கார்டைக் கழட்டத் தேவையில்லை. சாண்ட்விச் அமைப்புல கார்டு மதர்போர்டு ஸ்லாட்ல தொங்கறதில்லை, நேரா கேஸோட சட்டத்துல திருகி நிக்குது. அதோட எடை போர்டு மேல விழாது. பெரிய டவர் கேஸ்ல கார்டு படுக்கையா நீட்டிட்டு நிக்கும், ஒரு குலுக்கல்ல ஸ்லாட்டே பிளந்துக்கும். அந்த பயம் இங்க குறைவு. இருந்தாலும் பின் பக்கத் திருகு ரெண்டையும் நல்லா இறுக்குங்க.

செக்-இன்ல போடறதா இருந்தா கதையே வேற. கார்டைக் கழட்டி ஆன்டி-ஸ்டாட்டிக் பையில போட்டு உங்க கைப்பையில வச்சுக்கோங்க. கேஸுக்குள்ள காலியான இடத்துல நுரைப் பஞ்சு அடைங்க. போய் இறங்கினதும் அதை எடுத்துட்டுத்தான் ஸ்விட்ச் போடணும். இதைச் சொல்ல வேண்டியிருக்குங்கறதே எனக்கு ஆச்சரியமா இருக்கும், ஆனா உள்ள பஞ்சோட ஓட்டினவங்களைப் பார்த்திருக்கேன்.

கேபின்ல அளவு பிரச்சினை வராது. டெர்ரா 343 x 153 x 218 மி.மீ., நிறைய விமான நிறுவனங்கள் கொடுக்கற 55 x 40 x 20 செ.மீ. பைக்குள்ள படுத்துக்கும். இடிக்கறது எடை. பல இடத்துல வரம்பு 7 கிலோ. வாங்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சாமானோட எடையையும் ஒரு தாள்ல எழுதிக் கூட்டிப் பாருங்க, பையோட எடையையும் சேர்த்து. ரெண்டு ஸ்லாட் கார்டுக்கு நான் ஓட்டுப் போடறதுக்கு இதுவும் ஒரு காரணம். மூணு ஃபேன் கார்டுகள் இரும்புக் குண்டு. நல்ல செய்தி, பேட்டரி விதி எதுவும் உங்களைத் தொடாது. 100 வாட்-அவர் வரம்பு லித்தியம்-அயான் பேட்டரிக்கு, உங்க பெட்டியில இருக்கறது மதர்போர்டுல ஒரு பொத்தான் பேட்டரி மட்டும்தான். பாதுகாப்புச் சோதனையில தனித் தட்டுல வைக்கச் சொல்வாங்க, திறந்து காட்டச் சொன்னாலும் சொல்வாங்க. டெர்ராவுக்கு அது சுலபம். ஸ்க்ரூட்ரைவரை மட்டும் செக்-இன் பையில போட்டுடுங்க, வாசல்ல வாக்குவாதம் வேண்டாம்.

குளிர் அதிகமான இடத்துலேர்ந்து வெதுவெதுப்பான அறைக்குள்ள கொண்டு வந்தா உடனே ஆன் பண்ணாதீங்க. உலோகத்து மேல நீர் பூக்கும். அறைச் சூட்டுக்கு வரட்டும்.

ரைசர்: திரை கருப்பாகறது உண்மைதான், ஆனா பாதிப் பேருக்குக் காரணம் கேபிள் கெட்டுப்போனது இல்லை, வேகப் பொருத்தம். கார்டும் போர்டும் பேசிக்கற வழிக்குப் பேரு பிசிஐஇ; 50 வரிசைக் கார்டு (5070 மாதிரி) அதுல ஜென் 5, அதாவது ஐந்தாம் தலைமுறை வேகத்துல பேசும். டெர்ராவோட வர்ற ரைசர் ஜென் 4. மதர்போர்டு ஸ்லாட்டும் ஜென் 5ஆ இருந்தா அது ரெண்டும் ஜென் 5ல பேச முயற்சி பண்ணும், நடுவுல இருக்கற கேபிள் அந்த வேகத்துக்குத் தாங்காது. விளைவு, படமே வராது, இல்லை ஆடிட்டு இருக்கும்போது திடீர்னு போகும். பயாஸ்ல அந்த ஸ்லாட்டை "ஆட்டோ"லேர்ந்து "ஜென் 4"க்கு மாத்திட்டா முடிஞ்சுது. வேக இழப்பு உங்க கண்ணுக்குத் தெரியற அளவு இருக்காது.

உங்க லிஸ்ட்ல பி650 போர்டு. அதுல பெரும்பாலும் கார்டு ஸ்லாட் ஜென் 4தான், அதனால தானாவே சரியா இருக்கும். பி650க்குப் பின்னாடி ஒரு "ஈ" சேர்ந்திருந்தா ஜென் 5, அப்ப நீங்க கை வைக்கணும். படமே வராதப்ப எப்படி பயாஸுக்குள்ள போறதுன்னு கேப்பீங்க. 7800எக்ஸ்3டிக்குள்ள சின்ன கிராபிக்ஸ் ஒண்ணு இருக்கு. எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டுல சொருகுங்க, படம் வரும். இந்தச் சின்ன கிராபிக்ஸ் இருக்கறதாலயே பயணப் பெட்டிக்கு இந்த வரிசைச் சில்லு எனக்குப் பிடிக்கும். வழியில கார்டு மக்கர் பண்ணினாலும் பெட்டி உயிரோட இருக்கான்னு உடனே தெரிஞ்சுடும்.

ரைசரை ஒரு தடவை மாட்டினா திரும்பத் திரும்பக் கழட்டி மடிக்காதீங்க. மடிப்பு விழுந்த இடத்துலதான் அது சாகும்.

மின்சாரம்: இப்ப வர்ற நல்ல எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளைகள் 100லிருந்து 240 வோல்ட் வரைக்கும் தானே ஏத்துக்கும். பக்கத்துல ஒட்டியிருக்கற லேபிள்ல "இன்புட்" வரியில அது எழுதியிருக்கான்னு பாருங்க. மாறப் போறது சுவர்ப் பக்கத்து முனை மட்டும். அதுக்கு அடாப்டர் தேடாதீங்க. கணினிப் பக்கம் இருக்கற சி13 முனை உலகம் பூரா ஒண்ணுதான். ரெண்டு ஊர்லயும் ஒவ்வொரு பவர் கார்டு வாங்கிப் போட்டுடுங்க, எர்த் பின்னோட. பையில ஒரு எடையும் குறையும்.


கம்பிக்காரன் எழுதியது:

எல்லாரும் கார்டைப் பத்திப் பேசறீங்க. கேபிளைப் பத்தி ஒரு வார்த்தை.

டெர்ரா மாதிரி கேஸ்ல பவர் சப்ளையோட வர்ற கேபிளை மடக்கி அடைக்கறதுதான் பெரிய போராட்டம். அதனால நிறைய பேர் குட்டை கேபிள் தனியா வாங்கறாங்க. நல்லது. ஆனா வேற பவர் சப்ளையோட கேபிளை எடுத்து இதுல சொருகாதீங்க. போர்டு பக்கத்து முனை எல்லா கம்பெனியிலும் ஒண்ணுதான், பவர் சப்ளை பக்கத்து முனை அப்படி இல்லை. உருவம் பொருந்தும், உள்ள கம்பி வரிசை மாறியிருக்கும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்துல 12 வோல்ட் போகும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட, கேபிள்ல மாட்டற ரெண்டு சாட்டா எஸ்எஸ்டி இப்படித்தான் ஒரே நொடியில போச்சு. அதே கம்பெனியோட வேற வரிசைன்னாலும் பொருந்தும்னு நம்பக் கூடாது. மாடல் பெயரைச் சொல்லி அதுக்குன்னு செஞ்ச கேபிளை வாங்குங்க.

இன்னொண்ணு, எஸ்எஸ்டியை எம்.2ல (போர்டுலயே நேரா சொருகற ஸ்லாட்) மட்டும் போடுங்க, சாட்டாவே வேண்டாம். ரெண்டு கேபிள் மிச்சம். மினி-ஐடிஎக்ஸ் போர்டுகள்ல ஒரு எம்.2 ஸ்லாட் முன்பக்கம், இன்னொண்ணு பெரும்பாலும் போர்டுக்குப் பின்னாடி. பின்னாடி இருக்கறதைத் தொடணும்னா போர்டையே கழட்டணும். அதனால முன்பக்க ஸ்லாட்டுக்கே 2 டிபி ஒண்ணா வாங்கிடுங்க.


நாடோடி_பிக்சல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. திருத்தின லிஸ்ட்:

டெர்ரா, 7800எக்ஸ்3டி, என்எச்-எல்12எஸ், பி650 ("ஈ" இல்லாதது), ரெண்டு ஸ்லாட் 5070, 32 ஜிபி குட்டை ரேம் ரெண்டு (மொத்தம் 64), 2 டிபி எம்.2 ஒண்ணு, 750 வாட் எஸ்எஃப்எக்ஸ், அதுக்குன்னே செஞ்ச குட்டை கேபிள் செட்.

பவர் சப்ளையை 600க்குக் குறைக்கலாமா? எடை குறையுமேன்னு கேக்கறேன். அப்புறம் காத்துக் கூலருக்குப் பதிலா 240 மி.மீ. தண்ணிக் கூலர் போடற சின்ன கேஸ்களும் இருக்கே, அது இன்னும் அமைதியா இருக்காதா?


பெட்டிதூக்கி எழுதியது:

பவர் சப்ளையைக் குறைக்காதீங்க. கார்டு 250, பிராசசர் 80, மத்ததெல்லாம் சேர்த்து 50னு வச்சாலும் 380 வாட்தான் வருது, 600 தாங்கும்னு தோணும். ஆனா கார்டு கண் சிமிட்டற நேரத்துக்கு அதோட கணக்கை விட நிறைய இழுக்கும். 5070க்கு என்விடியா சொல்றதே 650 வாட். எடை வித்தியாசமும் பெருசா கிடைக்காது, எஸ்எஃப்எக்ஸ் எல்லாமே 125 x 63.5 x 100 மி.மீ. பெட்டிதான். பாதி சுமையில ஓடற பவர் சப்ளை சத்தமும் போடாது. நல்ல மாடல்கள்ல குறைஞ்ச சுமையில ஃபேன் சுத்தவே சுத்தாது.

தண்ணிக் கூலர்: ஒரே மேசையில இருக்கற பெட்டிக்கு நான் எதிரி இல்லை. தூக்கிட்டு அலையற பெட்டிக்கு வேண்டாம். மூடின குழாய்க்குள்ள எப்பவும் கொஞ்சம் காத்து இருக்கும். பெட்டியைப் படுக்க வச்சு, தலைகீழாப் புரட்டி, திரும்ப நிமித்தும்போது அந்தக் காத்து பம்புக்குள்ள போய் உக்காந்தா குளுகுளுன்னு சத்தம் வரும். ரேடியேட்டர் பம்பை விட உயரத்துல இருந்தா கொஞ்ச நேரத்துல அடங்கிடும், சின்ன கேஸ்ல அந்த வசதி எப்பவும் கிடைக்காது. காத்துக் கூலர்ல கெட்டுப்போக இருக்கறது ஒரு ஃபேன். எந்த ஊர்லயும் மாத்திக்கலாம்.

அமைதி வேணும்னா அதுக்கு வழி மென்பொருள்ல இருக்கு. கார்டோட பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்க. 250 வாட் 200 ஆகும், எஃப்பிஎஸ் (நொடிக்கு வர்ற படங்கள்) சில சதவீதம்தான் குறையும், ஃபேன் சத்தம் நல்லாவே இறங்கும். பொறுமை இருந்தா அண்டர்வோல்ட்டும் பண்ணுங்க, அதாவது சில்லுக்குப் போற வோல்டேஜைக் குறைங்க. ஆஃப்டர்பர்னர் மென்பொருள்ல வோல்டேஜ் வளைவைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, ஒவ்வொரு படியிலும் உங்க கனமான கேமையே ஓட்டிப் பாருங்க. டெஸ்ட் மென்பொருள்ல தாண்டினது கேம்ல கவிழும். அடுத்தவன் போட்ட எண்ணை அப்படியே காப்பி அடிக்காதீங்க, ஒரே மாடல்ல ரெண்டு சில்லு ஒரே மாதிரி இருக்காது. அதுக்கு மேல எஃப்பிஎஸ்ஸை மானிட்டரோட அளவுக்குக் கட்டிப் போடுங்க. 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு மெனு திரையில 600 எஃப்பிஎஸ் எதுக்கு?

டெர்ரா அடியில ஒரு 120 மி.மீ. ஃபேனுக்கு இடம் இருக்கு. 5070 குட்டைக் கார்டுன்னா அது உள்ள போகும், கம்பெனி சொல்ற அளவை ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க. முதல்ல அது இல்லாம ஓட்டிப் பாருங்க. வேணும்னா அப்புறம் போடலாம்.

கடைசியா ஒண்ணு, ஏன்னா கட்டி முடிச்ச ராத்திரியே இங்க வந்து "திரை வரலை"ன்னு எழுதுவீங்க. ஏஎம்5 போர்டு (உங்க பி650 அந்த வகைதான்) முதல் தடவை ஆன் பண்ணும்போது ரேமைப் பழக்கிக்கும். ஃபேன் சுத்தும், திரை கருப்பாவே இருக்கும், சில நிமிஷம் ஆகும். 64 ஜிபின்னா இன்னும் நேரம் எடுக்கும். அதுக்குள்ள பவரை நிறுத்தினா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். எச்டிஎம்ஐயை மதர்போர்டுல சொருகிட்டு கையைக் கட்டிட்டு உக்காருங்க. படம் வந்ததும் பயாஸ் அப்டேட், அப்புறம் ரேமுக்கு எக்ஸ்போ (அதோட முழு வேகத்தை ஆன் பண்ற அமைப்பு), அப்புறம் எக்கோ மோடு. கார்டை அதுக்கப்புறம் மாட்டினா போதும்.


நாடோடி_பிக்சல் எழுதியது:

750ஏ இருக்கட்டும். கேஸும் பவர் சப்ளையும் முதல்ல ஆர்டர் போடறேன், கார்டோட மி.மீ. கணக்கைக் கேஸ் கையில வந்ததும் ஸ்கேல் வச்சு அளந்துட்டு வாங்கறேன். வைஃபை ஆன்டெனா வெளியில நீட்டிட்டு இருக்குமே, பையில வைக்கும்போது கழட்டிடலாம்தானே?


கம்பிக்காரன் எழுதியது:

கழட்டியே ஆகணும், இல்லைன்னா இணைப்பு முனையே வளைஞ்சுடும். சில போர்டுகள்ல திருகு வகை, சில புது போர்டுகள்ல அழுத்தினா மாட்டிக்கற வகை. எதுவா இருந்தாலும் ரெண்டு ஊருக்கும் ஒவ்வொரு செட் வச்சுக்கோங்க, பவர் கார்டு மாதிரியே.